கோடை என்பது ஒரு காற்றின் பெயர்

மே மாதம் மதியம் ஒரு மணிக்கு மேல் வேலூரிலிருந்து அக்கா போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "அங்க காத்து திரும்பிடுச்சாடா?" கல்யாணம் ஆகும்வரை எங்களோடு திருவல்லிக்கேணியில் இருந்தவள் அவள். கேள்வியின் பொருள் சென்னைக்காரர்களுக்கு உடனே விளங்கும். காலையிலிருந்து மேற்கே இருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்த காற்று ஓய்ந்து, கடல் பக்கமிருந்து காற்று வந்துவிட்டதா என்று கேட்கிறாள். "இப்பத்தான் வந்துச்சுக்கா" என்று சொன்னால், "உங்களுக்கென்ன, கடல் இருக்கு" என்பாள்.

சென்னைக்கும் வேலூருக்கும் நடுவே 130 கிலோமீட்டர்தான். காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். மலை ஏறுவதில்லை, பாலைவனம் குறுக்கே இல்லை, தலைக்கு மேல் இருப்பதும் ஒரே சூரியன். பிறகு எப்படி ஓர் ஊருக்குக் கிடைக்கும் மாலை இன்னோர் ஊருக்குக் கிடைக்காமல் போகிறது? "கடல் இருக்கு" என்று அக்கா சொல்லும் இரண்டு சொல்லுக்குள் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று எனக்கு எப்போதும் ஒரு குறை.

ஒரு வரைபடத்தை எடுத்து 13 டிகிரி வட அட்சரேகையின் மேல் விரலை வைத்து மேற்கிலிருந்து கிழக்கே நகர்த்திப் பாருங்கள். அரபிக்கடல் ஓரத்தில் மங்களூர். அடுத்து, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் பெங்களூர். பிறகு வேலூர். கடைசியில் வங்கக்கடல் ஓரத்தில் சென்னை. நான்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பதால் நான்கின் உச்சிக்கும் சூரியன் ஒரே நாட்களில் வரும்: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை. பெங்களூரின் குளிர்ச்சி உயரத்தால் வந்தது, அதை விட்டுவிடுவோம். மற்ற மூன்றும் தாழ்ந்த நிலத்து ஊர்கள்.

மே மாதத்தில் இந்த மூன்று ஊர்களின் பகல் உச்ச வெப்பம், பல ஆண்டுச் சராசரியில், மங்களூரில் சுமார் 33 டிகிரி, வேலூரில் 39, சென்னையில் 37. (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) கடலோரம் குளிர்ச்சி, உள்நாடு வெப்பம் என்று மட்டும் விதி இருந்தால் சென்னையும் மங்களூரும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? நான்கு டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இன்னும் வியப்பு ஜனவரியில். அந்த மாதத்தில் சென்னையின் பகல் உச்சம் 29. மங்களூரில் அப்போதும் 33. மே மாதத்தில் மங்களூரைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட சென்னை, தை மாதத்தில் அதைவிடக் குளிர்ந்த ஊராகிவிடுகிறது. கடல் இரண்டு ஊரிலும் நகராமல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் புதிரை அவிழ்க்க, முதலில் கடல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மெரினாவே போதும்.

சித்திரை மாதப் பகல் பன்னிரண்டு மணிக்கு மெரினாவில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையிலிருந்து அலை வரை நடந்தவர்களுக்குத் தெரியும், அது நடை அல்ல, ஓட்டம். காய்ந்த மணல் காலைப் பொசுக்கும். அலை நனைத்த ஈர மணலில் கால் பட்டதும் உயிர் வரும். சூரியன் இரண்டின் மேலும் ஒரே அளவில்தான் அடிக்கிறது. ஆனால் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப் போல ஐந்து மடங்கு. இதைத்தான் பாடப் புத்தகம் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறது. பெயர் மிரட்டும், விஷயம் எளியது. எவ்வளவு சாப்பிட்டால் வயிறு நிறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதுபோல, எவ்வளவு வெப்பத்தை வாங்கினால் ஒரு டிகிரி ஏறும் என்பது பொருளுக்குப் பொருள் மாறுகிறது. அன்றாடம் நாம் தொடும் பொருள்களில் தண்ணீரைப் போலப் பெருந்தீனி தின்பது வேறில்லை. எண்ணெய்கூட அதில் பாதி அளவில் நின்றுவிடும். அடுப்பில் எண்ணெய் சட்டென்று காய்வதற்கும், அதே அளவு தண்ணீர் கொதிக்க நேரம் எடுப்பதற்கும் அது ஒரு காரணம்.

தண்ணீர் மெதுவாக வாங்குகிறது, மெதுவாகவே கொடுக்கிறது. உருளைக்கிழங்கு போண்டாவைக் கையில் பிடிக்க முடிகிறதே என்று கடித்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவர் யார்? மொறுமொறு மேல்தோலில் ஈரம் குறைவு, சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே மசித்த கிழங்கில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அது வாங்கிய சூட்டை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

இது பாதிக் கணக்குதான். இன்னொரு பெரிய காரணம் ஆழம். அதே மெரினா மணலில் ஒரு முழம் ஆழத்துக்குக் கையால் தோண்டிப் பாருங்கள். மேலே கால் வைக்க முடியாத மணல், அடியில் குளுகுளுவென்று இருக்கும். பகல் முழுக்க அடித்த வெயிலின் சூடு அந்த ஒரு முழத்தைத் தாண்டி இறங்குவதே இல்லை. மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். ஆகவே நிலத்தின் மேல் விழும் வெயில் முழுவதும் மேலே உள்ள மெல்லிய தோல் ஒன்றையே காய்ச்சுகிறது. தோல் மெல்லியது என்பதால் அது கொதிக்கிறது. இரவில் அதே வேகத்தில் ஆறிவிடுகிறது.

கடலில் நடப்பது வேறு. வெளிச்சம் தண்ணீருக்குள் புகுந்து பல மீட்டர் இறங்குகிறது. அதற்கு மேல் காற்றும் அலையும் சேர்ந்து மேல்தண்ணீரைக் கீழும் கீழ்த்தண்ணீரை மேலுமாகக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. டீக்கடையில் ஆற்றுவதுபோல ஓயாத ஆற்றல். மேலே விழுந்த வெயில் இருபது, முப்பது மீட்டர் ஆழத்துத் தண்ணீருக்கும் பங்கிடப்படுகிறது. அவ்வளவு தண்ணீருக்கும் ஒரு பகல் வெயிலைப் பகிர்ந்து கொடுத்தால் ஆளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு டிகிரிகூடத் தேறாது.

மூன்றாவதாக, கடலுக்கு வியர்க்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், குளித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் நின்றால் சிலிர்ப்பதும் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போவதால்தான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 580 கலோரி வேண்டும். உலகக் கடல்களின் மேற்பரப்பிலிருந்து சராசரியாக ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் அதிகமான நீர் ஆவியாகிப் போகிறது. கடல் வாங்கும் வெயிலில் பெரும் பங்கு தண்ணீரைச் சூடாக்கவே செலவாவதில்லை. ஆவிக்குள் ஒளிந்துகொண்டு மேலே போய்விடுகிறது.

இவை மூன்றும் சேர்ந்து கடலை எப்படிப்பட்ட கிடங்காக்குகின்றன என்பதற்கு நானே ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்து அசந்துபோன கணக்கு ஒன்று உண்டு. நீங்களும் போட்டுப் பார்க்கலாம். தரையில் ஒரு சதுர மீட்டர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் மேலே, விண்வெளி வரை இருக்கும் காற்று முழுவதையும் எடை போட்டால் சுமார் பத்து டன். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய வெப்பம், ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டியதில் நாலில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தப் பத்து டன் காற்றுக்கு ஈடாக இரண்டரை டன் தண்ணீர் போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் இரண்டரை டன் தண்ணீர் என்றால் இரண்டரை மீட்டர் ஆழம், அதாவது ஒரு ஆள் உயரமும் இன்னும் இரண்டு முழமும். கடலின் அந்த மேல்தண்ணீர் மட்டும் தாங்கும் வெப்பத்தை, அதற்கு மேலே உள்ள வானம் முழுவதும் சேர்ந்துதான் தாங்குகிறது. அதற்குக் கீழே இன்னும் எத்தனை கடல் கிடக்கிறது!

அதனால்தான் சென்னைக்கு எதிரே உள்ள வங்கக்கடலின் மேற்பரப்பு மே மாதத்தில் 30 டிகிரியை ஒட்டியும், ஜனவரியில் 26, 27 டிகிரியிலும் நிற்கிறது. ஆண்டு முழுவதற்கும் ஏறி இறங்குவது மூன்று, நான்கு டிகிரிதான். வேலூரில் ஒரே நாளில் விடிகாலைக்கும் நடுப்பகலுக்கும் நடுவே பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்கும்.

இத்தனை குளிர்ச்சி கடலில் இருந்து என்ன பயன், அது கரைக்கு வர வேண்டுமே? வருவதற்கு வண்டி வேண்டும். அந்த வண்டிதான் காற்று.

கடற்காற்று எப்படிப் பிறக்கிறது என்பது பலருக்கும் நினைவிருக்கும். காலை ஏறஏறத் தரை சூடாகும். தரையைத் தொட்டிருக்கும் காற்றும் சூடாகி, விரிந்து, லேசாகி மேலே எழும்பும். தரையோடு அழுத்தம் சற்றுக் குறையும். பக்கத்தில் கடலின் மேலே குளிர்ந்து கனமாக நிற்கும் காற்று அந்தக் குறையை நிரப்ப உள்ளே பாயும். இரவில் இது தலைகீழ். தரை ஆறிவிடும், கடல் ஆறாது, காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். பாய்மரம் கட்டிய காலத்தில் நம் மீனவர்கள் விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் போய், பகலில் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். ஒரு நாளில் இரண்டு முறை திசை மாறும் காற்றை நம்பி ஒரு தொழிலே நடந்திருக்கிறது.

பாடம் இத்துடன் முடிந்துவிடும். வானம் அப்படி வெறுமையாக இருப்பதில்லை. நாட்டையே கடந்து வீசும் பெருங்காற்று ஒன்று எப்போதும் இருக்கிறது. உள்ளூர்க் கடற்காற்று அதனோடு மல்லுக்கட்டித்தான் கரையேற வேண்டும். மே மாதத்தில் சென்னைக்கு மேலே வீசும் பெருங்காற்று மேற்கிலிருந்து வருகிறது. அது பலமாக இருந்தால் கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். மேல்காற்று, அதாவது இந்த மேற்குக் காற்று, சோர்ந்திருக்கும் நாளில் பதினொரு மணிக்கே கடற்காற்று நுழைந்துவிடும், அன்று வெப்பம் 35, 36 டிகிரியோடு நின்றுவிடும். மேல்காற்று வலுத்த நாளில் இரண்டு மணி, மூன்று மணி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் 40 தாண்டிவிடும். சென்னையின் கோடை நாள் ஒன்று எவ்வளவு கொடியது என்பதை முடிவு செய்வது சூரியனைவிடவும் கடற்காற்று வந்து சேரும் மணிதான்.

நுங்கம்பாக்கத்தையும் மீனம்பாக்கத்தையும் செய்தியில் தனித்தனியாகச் சொல்வது இதனால்தான். நுங்கம்பாக்கம் கடலிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர், மீனம்பாக்கம் சுமார் பத்து. கடற்காற்று அந்த ஆறு கிலோமீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மீனம்பாக்கம் இன்னும் கொஞ்சம் காய்ந்துவிடும். கோடையில் பெரும்பாலான நாட்களில் அங்கே சற்றுக் கூடுதல். (நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்திலிருந்து தொடங்கும் நீண்ட மரபு நம் வானிலைப் பதிவுகளுடையது. கடற்காற்றின் வரவை இரண்டு நூற்றாண்டாக ஓர் ஊர் குறித்து வைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெருமைதான்.)

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றும் நான்கு கிலோமீட்டரில் கடல் இருந்தது. அதன் தண்ணீர் அன்றும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருந்திருக்கும். கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் வண்டி வரவில்லை என்றால் கடைக்கு என்ன கிடைக்கும்? மே மாதத்தில் வங்கக்கடலில் உருவாகும் புயல் நம்மை விட்டுவிட்டு ஒடிசா, வங்காளம், மியான்மர் என்று வடக்கே போகும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கும். புயல் தன்னைச் சுற்றிலும் உள்ள காற்றை இழுக்கும். நம் தலைக்கு மேலே இழுபடுவது உள்நாட்டு வறண்ட காற்று. "புயலும் வரல, மழையும் வரல, வெயில் மட்டும் கூடிப்போச்சு" என்று ஜனங்கள் நொந்துகொள்வதில் சரியான வானிலையியல் இருக்கிறது.

நம் முன்னோர் இதை ஒரு சொல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வெயில் காலத்துக்கும் மேற்குக் காற்றுக்கும் ஒரே பெயர். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று மட்டுமல்ல, மேகமும்கூட. கடலிலிருந்து வரும் காற்று ஈரத்தையும் மழையையும் கொண்டுவரும், நிலத்திலிருந்து வரும் காற்று வெயிலைக் கொண்டுவரும் என்று கிழக்குக் கடற்கரையில் வாழ்ந்த ஒரு சமூகம் கண்டு, பெயரிலேயே முடிச்சுப் போட்டிருக்கிறது. வெப்பமானியும் அட்சரேகையும் இல்லாத காலத்தில் இவ்வளவு துல்லியமான கவனிப்பு எப்படிச் சாத்தியமானது என்று நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

மங்களூர்ப் புதிர் இப்போது தானாக அவிழும். மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று மங்களூருக்கு நேரே அரபிக்கடலிலிருந்து வருகிறது. நமக்குக் கோடையாக இருப்பது அவர்களுக்குக் கடற்காற்று. அதே காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது, தன் ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது, பீடபூமியைக் கடக்கிறது, பிறகு கிழக்கே சமவெளிக்கு இறங்குகிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் சுமார் பத்து டிகிரி சூடேறும். சைக்கிள் பம்பை அடிக்க அடிக்க அதன் அடிப்பகுதி சுடுவதுபோல, இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. பீடபூமியிலிருந்து இறங்கிய இந்தச் சுடுகாற்று முதலில் வேலூரைத் தொடுகிறது, பிறகு காஞ்சிபுரத்தை, கடைசியில் சென்னையை. கடலில் பிறந்த காற்றுதான். ஆனால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே வந்ததில் கடலின் குணம் எதுவும் அதில் மிச்சமில்லை.

ஜனவரியில் பெருங்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். இம்முறை வங்கக்கடலைத் தொட்டுக்கொண்டு முதலில் வருவது சென்னைக்கு. பீடபூமியையும் மலையையும் கடந்து, இறங்கி, சூடேறிப் போய்ச் சேருவது மங்களூருக்கு. இரண்டு ஊர்களும் கடலோரம்தான். எந்த மாதத்தில் எந்த ஊருக்குக் கடல் கிடைக்கும் என்பதைக் காற்று முறைவைத்து மாற்றிக்கொடுக்கிறது.

கடலிலிருந்து தூரம் என்பதுகூட ஸ்கேல் வைத்து அளக்கிற தூரம் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதன் வழியே அரபிக்கடல் காற்று பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நுழைந்துவிடுகிறது. ஆடி மாதத்தில் கோவைக்காரர்கள் அனுபவிக்கும் அந்தக் காற்று கேரளக் கடலிலிருந்து வந்தது. தென்காசிக்குச் செங்கோட்டைக் கணவாய் அந்த வேலையைச் செய்கிறது. குற்றாலச் சாரல் வேறென்ன? மறுபக்கம் மலைச் சுவருக்கு நேர் பின்னால் இருக்கும் ஊர், கடலுக்கு அருகில் இருந்தாலும் காற்றின் கணக்கில் வெகுதூரத்து ஊர்தான்.

மே மாத உச்சத்தை வைத்து ஒப்பிட்டால் வேலூர் 39, சென்னை 37 என்று இரண்டு டிகிரிதானே வித்தியாசம், இதற்கா அக்கா பெருமூச்சு விடுகிறாள் என்று தோன்றலாம். உச்ச வெப்பம் என்பது நாளின் ஒரு கணத்துக்குரிய எண். சென்னை அந்த உச்சத்தைத் தொட்டது கடற்காற்று வருமுன். காற்று திரும்பியதும் சில நிமிடங்களில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கிவிடும், பிறகு மாலை முழுக்க இறங்கிக்கொண்டே போகும். வேலூர் மாலை நான்கு மணிக்கும் ஏறக்குறைய அதே உச்சத்தில்தான் நிற்கும். ஓர் எண்ணை வைத்து ஓர் ஊரின் வெயிலை எடைபோடுவது நியாயமில்லை.

இதே கடல் இரவில் வேறு முகம் காட்டுகிறது. ஜனவரியில் சென்னையின் இரவு சராசரியாக 21 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. வேலூர் 18 வரை போகும், சில இரவுகளில் இன்னும் கீழே. பகலில் வாங்கியதைத் தரை இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. காற்று வறண்டு, வானம் தெளிந்திருந்தால் அந்த வெப்பம் தடையின்றிப் போய்விடும். கடலோரக் காற்றில் இருக்கும் நீராவி ஒரு போர்வைபோல அதைப் பிடித்துவைக்கிறது. ஜெய்சல்மர் போன்ற பாலைவன ஊரில் பகல் கொதித்து இரவு நடுங்குவது இந்தப் போர்வை இல்லாததால்தான். அக்காவின் வீட்டில் மார்கழியில் கம்பளி உண்டு. எங்கள் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஒன்றில் வைத்து ஓடும்.

கடற்காற்று தரும் இன்னொரு கொடை, ஆனி, ஆடி மாத மாலை மழை. உள்ளே நுழைந்த கடற்காற்று எங்கேயோ ஓரிடத்தில் எதிரே வரும் மேல்காற்றோடு முட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம். முட்டிய காற்றுக்குப் போக இடம் மேலேதான். ஈரக்காற்று மேலே எழும்பிக் குளிர்ந்து இடிமேகமாகிறது. உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அந்த மேகங்களை இரவில் சென்னைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். "வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் மழை" என்று செய்தியில் கேட்கிறோமே, அதில் வெப்பத்தோடு கடலுக்கும் பங்குண்டு.

கடலை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அது வாங்கும் விலையைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. கடற்காற்று டிகிரியைக் குறைக்கும், ஈரத்தைக் கூட்டும். நம் உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்தோடும். அதைத்தான் புழுக்கம் என்கிறோம். கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும் வரை பரவாயில்லை. அது நின்றுபோய், ஈரம் மட்டும் தங்கிவிட்ட மே மாத இரவுகள்தான் சென்னையின் உண்மையான சோதனை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை அறிவிக்கும்போது சமவெளிக்குக் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறது. கடலோரத்தில் வெப்பம் வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. 37 தானே என்று அலட்சியமாகக் கட்டட வேலைக்கு ஆளை வெயிலில் நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலோரத்து 37, உடம்பின் கணக்கில் சின்ன எண் அல்ல.

காற்றும் கடலும் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டம் பூமத்திய ரேகையை விட்டு விலகினால் இன்னும் பிரம்மாண்டம். நார்வேயின் பெர்கன் நகரம் 60 டிகிரி வட அட்சரேகையில் கடலோரம் இருக்கிறது. அங்கே ஜனவரிச் சராசரி உறைநிலைக்குச் சற்று மேலே. ஏறக்குறைய அதே அட்சரேகையில் சைபீரியாவின் உள்ளே இருக்கும் யாகூட்ஸ்கில் ஜனவரிச் சராசரி உறைநிலைக்குக் கீழே 38 டிகிரி. அதற்கும் வடக்கே வெர்கோயான்ஸ்க் என்ற சிற்றூர் 1892இல் உறைநிலைக்குக் கீழே 67.8 டிகிரியையும், 2020 ஜூன் 20 அன்று உறைநிலைக்கு மேலே 38 டிகிரியையும் கண்டது. மே மாதச் சென்னையும், கற்பனைக்கும் எட்டாத குளிரும் ஒரே ஊரில். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் நிலம். வாங்கி வைக்கவும் திருப்பிக் கொடுக்கவும் கிடங்கு இல்லை.

சரி, கடலோரம் என்றால் குளிர் கிடையாதா? ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக் பசிபிக் கரையில் இருக்கும் துறைமுகம், பிரான்ஸின் மர்செய் இருக்கும் அதே 43 டிகிரி அட்சரேகை. மர்செயில் ஜனவரிச் சராசரி சுமார் 7 டிகிரி. விளாடிவாஸ்டாக்கில் உறைநிலைக்குக் கீழே 12. குளிர்காலம் முழுக்க அங்கே சைபீரியாவிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. மே மாதச் சென்னைக்கு வெப்பத்தில் நேர்வது அந்த ஊருக்குக் குளிரில் நேர்கிறது.

புவி வெப்பமாதலிலும் இதே இயற்பியல்தான் வேலை செய்கிறது. நாம் கூட்டிவைத்த வாயுக்களால் பூமியில் தங்கிவிட்ட மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் போனது கடலுக்குள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2011க்கும் 2020க்கும் இடைப்பட்ட காலத்தில் நிலத்தின் மேல் வெப்பம் சுமார் 1.6 டிகிரி ஏறியிருந்தது, கடலின் மேல் சுமார் 0.9. கடல் குடித்திருக்காவிட்டால் நம் நிலை என்ன என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. தண்ணீர் மெதுவாக வாங்கும், மெதுவாகக் கொடுக்கும் என்று மேலே சொன்னேன். இந்த வெப்பத்தையும் அது அப்படித்தான் திருப்பிக் கொடுக்கும். கடற்காற்று எந்தத் தண்ணீரைத் தொட்டு வருகிறதோ அந்தத் தண்ணீரைவிட அதிகம் குளிர்ந்து வர அதனால் முடியாது. தண்ணீர் ஒரு டிகிரி ஏறினால் மாலைக் காற்றும் ஏறத்தாழ அந்த ஒரு டிகிரியைச் சுமந்துகொண்டு வரும். முதலில் அதை உணரப்போவது இரவுகள்.

நீங்களே பார்க்க விரும்பினால் கருவி எதுவும் வேண்டாம். கடலோர மாவட்டத்தில் இருப்பவர்கள் வரும் கோடையில் ஒரு வாரம், மொட்டை மாடிக் கொடியில் ஒரு வேட்டியைக் காயப்போட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று காலை பத்து மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை பாருங்கள். கடலை நோக்கிப் பறந்துகொண்டிருந்த துணி ஏதோ ஒரு நேரத்தில் தொய்ந்து நிற்கும். சற்றுப் பொறுத்து மறுபக்கம் பறக்கத் தொடங்கும். அந்த மணியைக் குறித்துக்கொண்டு, அன்றைய உச்ச வெப்பத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். வேலூர், திருத்தணி பக்கம் இருப்பவர்கள் துணி திரும்புகிறதா என்று இரவு எட்டு, ஒன்பது மணி வரை பார்த்திருக்க வேண்டியிருக்கும். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். போன வைகாசியில் ஒரு நாள் இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது. "டேய், காத்துல லேசா ஈரம் தெரியுதுடா, உங்க ஊர்க் காத்துதானே?"